முன்னாடி, பின்னாடி

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வந்ததும் நம்பிராஜன் எண்ணெயைத் தேடினார். எண்ணெயைக் காணவில்லை.

மூன்றாம் பிரஸ் மெஷினின் காலடியில், ஒரு முறம் அகலத்துக்கு எண்ணெய் சிந்திக் கிடக்கும். கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த ஷீட் வழியாக வெயில் இறங்கி அதன்மேல் விழும்போது, மயில் கழுத்து மாதிரி பச்சையும் நீலமும் ஊதாவுமாகப் புரளும். போன வாரம்தான் அதைப் போட்டோ எடுத்திருந்தார். இன்றைக்கு அந்த இடத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த தரை. சுற்றிலும் மஞ்சள் கோடு வேறு.

"எண்ணெயை எங்கலே?" என்று பிரஸ் ஓட்டுகிற முப்பிடாதியிடம் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, திருவிழாவுல பிள்ளையத் தொலைச்ச மாதிரி தேடுதிய? நேத்து ஆள் வந்து ஓட்டையை அடைச்சு, தொடச்சு, பெயிண்டும் அடிச்சுட்டுப் போயிட்டான்."

"நல்லா இருந்துச்சேலே."

"எது?"

"எண்ணெய்தான்."

முப்பிடாதி மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணாச்சி, லீவு போட்டு ஊருக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. ஓ.டி. பாத்து பாத்து மண்டை சூடாயிட்டு."

ஒரகடத்தில் காருக்குத் தேவையான தகரச் சாமான்களை அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. நம்பிராஜன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். கான்ட்ராக்டில் லோடிங் வேலை. அடித்த சாமான்களைப் பெட்டியில் அடுக்கி, தள்ளுவண்டியில் வைத்து, இந்த ஷெட்டிலிருந்து அந்த ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நடைதான்.

அந்த நடைதான் அவர் கையில் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தது. கம்பெனிக்குள் செல்போனைக்கூடக் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஜீவானந்தம் சார் அவரைக் கூப்பிட்டு, சோப்புக்கட்டி அளவில் ஒரு கேமராவை நீட்டினார். தொழிற்சாலையில் எல்லாம் அதனதன் இடத்தில் சுத்தமாக இருக்கிறதா என்று கவனிப்பதற்கென்று இருக்கிற இன்ஜினியர் அவர்.

"நம்பி, நீங்கதான் பிளான்ட் முழுக்கச் சுத்துறீங்க. போற வழியில கண்ணுல படுறதையெல்லாம் எடுங்க. வாரம் முடிஞ்சா என்கிட்ட குடுங்க."

"எதைங்க சார் எடுக்கணும்?"

"அதான் சொன்னேனே. கண்ணுல படுறதை. பாத்தா உங்களுக்கே தெரியும்."

முதல் நாள் அவர் எதையும் எடுக்கவில்லை. பாரம் சுமக்கிறவன் பார்ப்பது அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தை மட்டும்தான். தலையில் மூட்டை இருந்தால் மேலே பார்க்க முடியாது. முதுகில் இருந்தால் நேரே பார்க்க முடியாது. பிழைப்பு முழுக்க இப்படியே போய்விட்ட ஒருவரிடம் திடீரென்று 'கண்ணில் படுவதை எடு' என்றால், கண்ணுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்காதா?

மறுநாள்தான் எண்ணெய் கண்ணில் பட்டது. சின்னத் திரையில் நாலு பக்கமும் கட்டம் கட்டிப் பார்த்தபோது, இத்தனை நாள் எங்கேயோ போயிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அது. அமுக்கினார். கேமரா 'டிக்' என்றது. நம்பிராஜனுக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது.

அப்புறம் விடவில்லை. பழைய இரும்பு போடுகிற முற்றத்துக் கதவில் துரு பிடித்து, சாயங்கால வானம் மாதிரி சிவந்து கிடந்ததை எடுத்தார். தொழிலாளிகள் துவைத்துக் கம்பிவேலியில் மாட்டியிருந்த துணிக் கையுறைகளை எடுத்தார். காற்றில் அவை ஆடியது, வாத்தியார் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கை தூக்குவது மாதிரி இருந்தது. கேன்டீன் மேசையில் டீ டம்ளர்கள் வைத்து எடுத்த வட்டங்கள், ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி போலக் கிடந்ததை எடுத்தார்.

இப்போது எண்ணெய் போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் கதவைப் பார்த்தார். சுரண்டி, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வேலியைப் பார்த்தார். ஒரு கையுறை இல்லை. கேன்டீனில் மேசைக்கு மேசை, 'டம்ளரைத் தட்டில் மட்டுமே வைக்கவும்' என்று ஒட்டியிருந்தது.

'நாம பாத்ததுக்கெல்லாம் ஆயுசு குறைஞ்சு போச்சே' என்று அவருக்கு மனசு சங்கடமாக இருந்தது. அதுவரையில் இது தற்செயல் என்றுதான் நினைத்தார்.

டீ நேரத்தில் நோட்டீஸ் போர்டு பக்கம் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தார். அவர் எடுத்த படங்கள்! பெரிது பெரிதாகப் போட்டு, வரிசையாக ஒட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே அதே இடங்களின் வேறு படங்கள். மேலே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. நம்பிராஜன் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். முப்பிடாதியை இடித்தார்.

"என்னலே போட்டிருக்கு?"

"இந்தப் பக்கம் பிஃபோர். அப்படின்னா முன்னாடி. அந்தப் பக்கம் ஆஃப்டர். பின்னாடி."

நம்பிராஜனின் முகம் மலர்ந்தது. "நம்ம படத்தை முன்னாடி வச்சிருக்காவளா!"

"நம்ம படமா? யாரு படம்?"

"நான் எடுத்ததுலே. சாரு கேமரா குடுத்தாவ. அந்தக் கையுறையப் பாரு, எப்படி வந்திருக்கு!"

போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. முப்பிடாதி தன் இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். விரல் எல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"அந்தப் புண்ணியவாளன் நீங்கதானா? வேலியில காயப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டு, காலையிலேருந்து ஈரக் கையுறையப் போட்டுக்கிட்டு மாரடிக்கோம். முன்னாடின்னா முன் வரிசை இல்ல அண்ணாச்சி. சரி பண்ணுததுக்கு முன்னாடி! நீங்க எடுத்தது பூராவும் குத்தம். குத்தம்!"

"குத்தமாலே? நான் அழகா இருக்கேன்னுல்லா எடுத்தேன்."

"இதைப் போயி எவன்கிட்ட சொன்னாலும் சிரிப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கூட்டுரோட்டுக்குப் பின்னால், முப்பிடாதியையும் சேர்த்து ஐந்து பேர் தங்கியிருக்கிற ரூமில் நம்பிராஜன் தட்டில் சோறு விழுந்தது, ரசம் விழுந்தது, ஒரு பேச்சு விழவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

படுத்துக்கொண்டு யோசித்தார். அழகானதை எடுத்தால் அழித்துவிடுகிறார்கள். அப்படியானால் கண்றாவியானதை எடுப்போம். அது ஒழியட்டும். நல்லதெல்லாம் நம் கண்ணோடு இருக்கட்டும். யோசனை நன்றாகத்தான் பட்டது.

அந்த வாரம் முழுக்க அழகின் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. கம்பெனியில் எது கண்றாவி என்று தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. முன்பக்க வரவேற்பறையில், ஆள் உயரச் சாடியில், பிளாஸ்டிக் பூங்கொத்து ஒன்று இருந்தது. ரோஜா நீலமாகவும் தாமரை மஞ்சளாகவும் இருக்கும். ஒரு பெட்டி இறக்குகிற சாக்கில் உள்ளே போய் அதைப் பல கோணத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் சாடியைக் காணவில்லை. அது ஜி.எம். சாரின் வீட்டு அம்மா, புது ஆபீஸ் திறந்தபோது ஆசையாக வாங்கிக் கொடுத்த சாடி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஜி.எம். ஜீவானந்தத்தைக் கூப்பிட்டார். ஜீவானந்தம் நம்பிராஜனைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனார் நம்பிராஜன்.

ஜி.எம். அவரை நெடுநேரம் பார்த்தார். "நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஆமாங்கய்யா."

"யார் வச்சதுன்னு தெரிஞ்சும் எடுத்தீங்களா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஜி.எம். அந்த மௌனத்தைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார். "வெரிகுட். இப்படி ஒரு ஆள்தான் வேணும். எனக்கே அதைப் பிடிக்காது. ஆனா வீட்ல யார் சொல்றது?"

நம்பிராஜனின் காக்கிச் சட்டையில் நட்சத்திரம் போட்ட ஒரு பேட்ஜைக் குத்தி அனுப்பினார்கள். அதோடு தொலைந்தது. ஜி.எம். வீட்டுப் பூவையே தூக்க வைத்தவன் என்று பேர் பரவிவிட்டது. அவர் வண்டி வருகிற சத்தம் கேட்டால், ஆட்கள் பீடிக்கட்டை மறைத்தார்கள். கேன்டீனில் கேட்காமலே இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றினார்கள். கூடவே உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இனிமேல் கேமராவைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தார். தீர்மானம் நாலு நாள் நின்றது. தரையில் கிடந்த ஒரு கோலம் அதைக் கெடுத்தது.

ஸ்டோருக்கும் பெயிண்ட் ஷெட்டுக்கும் நடுவில் நீளமான நடைபாதை. பெட்டியோடு காலையில் அவர் அங்கே நுழைந்தபோது, சிமெண்ட் தரை நெடுக ஈரத்தில் ஒரு கோடு. இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்தில் புள்ளி. எங்கேயும் அறுபடவில்லை. மேலேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றின மாதிரி மின்னியது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு முனையிலிருந்து காய ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வெறும் தரையாகிவிட்டது.

மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

அந்தப் பாதையைத் துடைப்பது பாஞ்சாலி. பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிறவள். அவர் வருவதற்குள் துடைத்துவிட்டு அடுத்த ஷெட்டுக்குக் கிளம்பியிருப்பாள். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற முதுகு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தேவையும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தரையே பேசியது. எல்லாச் சாமானையும் ஒரே அச்சில் அடிக்கிற இந்த இடத்தில், டீ ஆறுவதற்குள் காய்ந்துவிடும் என்று தெரிந்தும் ஒருத்தி தினமும் கோலம் போடுகிறாள் என்றால், அவள் மனசு எப்படிப்பட்ட மனசு! நாமும் இருக்கிறோமே, பார்த்ததைக் கொண்டுபோய்க் காட்டிக்கொடுத்துக்கொண்டு.

ஒன்றே ஒன்று எடுத்தார். யாருக்கும் இல்லை, தனக்கு. கூட்டுரோட்டு ஸ்டூடியோவில் ஒரு பிரதி போட்டு, ரூமில் தலைமாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் எப்படியாவது அழித்துவிடலாம் என்று கணக்கு.

ஆனால் அந்த வாரம் ஜீவானந்தம் முந்திக்கொண்டார். "வெளிநாட்டு கஸ்டமர் வர்றாங்க. போர்டை ரெடி பண்ணணும். குடுங்க குடுங்க" என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிப் போய்விட்டார்.

"சார், அதுல ஒண்ணு மட்டும்..."

"எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் நம்பி."

பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை போர்டில், முன்னாடி வரிசையில், நட்டநடுவே கோலம். அதைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம். கீழே தமிழிலேயே போட்டிருந்தது. நம்பிராஜன் எழுத்துக்கூட்டினார். ஈ-ர-த்-த-ரை. வ-ழு-க்-கு-ம்.

ஸ்டோர் ஓரத்தில் ராஜாமணியின் குரல் கேட்டது. துப்புரவு ஆட்களை அனுப்புகிற கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அவன். எதிரே பாஞ்சாலி தலையைக் குனிந்து நின்றாள்.

"இன்னாம்மா நீ, தொடைக்கச் சொன்னா குளம் வெட்டி வச்சுக்கீற? போர்டுல ஒட்டி மானத்த வாங்கிட்டாங்க. நாளைலேருந்து வராத. வேற ஆளு போட்டுக்கறேன்."

"அப்டி சொல்லாத சார். எங்க வூட்ல சம்பாரிக்கிறது நான் ஒருத்திதான்."

"அத்த தொடைக்கும்போது நெனச்சிருக்கணும்."

எண்ணெய் போனதும் துரு போனதும் வேறு. இது ஒரு வீட்டு அடுப்பு. நம்பிராஜன் வண்டியை நடுவழியில் விட்டார். பேட்ஜைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நேரே ஜீவானந்தத்தின் மேசைக்குப் போனார்.

"சார், இந்த நட்சத்திரத்தை நீங்களே வச்சுக்கிடுங்க. அந்தப் பிள்ளைய அனுப்பாதீய."

"எந்தப் பிள்ளை?"

"தொடைக்குத பிள்ளை. அது ஈரத் தரை இல்ல சார். கோலம். அழகா இருக்குன்னுதான் எடுத்தேன். எல்லாத்தையுமே அழகா இருக்குன்னுதான் எடுத்தேன். எண்ணெய், துரு, கையுறை எல்லாமே."

ஜீவானந்தம் பேனாவைக் கீழே வைத்தார். "நான் குறையைத்தானே எடுக்கச் சொன்னேன்?"

"நீங்க கண்ணுல படுததை எடுன்னுதான சொன்னிய."

ஜீவானந்தம் கம்ப்யூட்டரைத் திருப்பி, அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். இரண்டு பேரும் பார்த்தார்கள். வளைவு, புள்ளி, வெளிச்சம்.

"ஆமால்ல" என்றார் ஜீவானந்தம், மெதுவாக.

அந்த 'ஆமால்ல' ஜி.எம். அறைக்குப் போனபோது 'வாவ்' ஆகிவிட்டது. "ஒர்க்கரே டிராடிஷனலா கோலம் போடுறாங்க! இதைப் போயி பிஃபோர்ல ஒட்டியிருக்கீங்களே? ஆஃப்டர்ல ஒட்டுங்க. இல்ல, ஃப்ரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டுங்க. அந்த இடம் காலியாத்தானே இருக்கு? கஸ்டமர் வரும்போது அந்தம்மா நேர்லயே போட்டுக் காட்டட்டும்."

ராஜாமணியைக் கூப்பிட்டு, பாஞ்சாலியின் மேல் கை வைக்கக் கூடாது என்று சொன்னார்கள். ஜீவானந்தமே போய், "வர்ற வியாழக்கிழமை கஸ்டமர் முன்னாடி இந்தப் பாதையைத் தொடைக்கணும்மா. தினமும் எப்படிப் பண்றியோ அப்படியே பண்ணு, போதும்" என்றார். அவள், "சரி சார்" என்றாள். இவ்வளவுதான் நடந்தது. அன்று சாயங்காலம் கேட்டில் நம்பிராஜனைத் தாண்டிப் போகிறபோது பாஞ்சாலி நின்று, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள். நம்பிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கலைக்காரி இன்னொரு கலைக்காரனுக்கு வைக்கிற கும்பிடு என்று அதை அவர் எடுத்துக்கொண்டார்.

விஷயம் ரூமுக்கும் எட்டியது. "கோலத்தைக் காப்பாத்தியாச்சு, எங்க வேலியையும் கேட்டு வாங்கித் தாங்க" என்றான் முப்பிடாதி. சிரிக்கவில்லை. ஆனால் அவனே உப்பை எடுத்து வைத்தான்.

வியாழக்கிழமை விருந்தாளிகள் நாலு பேர் வந்தார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி, கண்ணில் கண்ணாடி. வரவேற்பறையில் கோலப் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். ஒருவர் அதையே போட்டோ எடுத்துக்கொண்டார். நம்பிராஜனைச் சலவைச் சட்டையில் நிறுத்தியிருந்தார்கள். பேட்ஜ் திரும்பவும் நெஞ்சுக்கு வந்திருந்தது.

நடைபாதையின் இரண்டு ஓரமும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் பாஞ்சாலி. தரை துடைக்கிற பழைய கந்தல் மாப்பு விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று ஜி.எம். சொல்லி, அன்று காலையில்தான் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் வாளி, சக்கரம் வைத்தது. மாப்பை உள்ளே விட்டு, ஒரு பிடியைக் காலால் மிதித்தால் தண்ணீரெல்லாம் தானே பிழிந்துவிடும்.

பாஞ்சாலி மிதித்தாள். துடைக்க ஆரம்பித்தாள். இடமும் வலமுமாக, வளைத்து வளைத்து, நிமிர்ந்த முதுகோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள். நம்பிராஜன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார். தரை பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. ஒரு கோடு இல்லை.

விருந்தாளிகள் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜி.எம். ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் நம்பிராஜனைப் பார்த்தார். நம்பிராஜன் இன்னும் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, எங்கேயாவது ஓரத்தில் ஆரம்பிக்காதா என்று.

"பாஞ்சாலி" என்றார் ஜீவானந்தம், பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக. "கோலம் எங்கம்மா?"

பாஞ்சாலி மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

"எனக்கு எங்க சார் கோலமெல்லாம் வரும்! மணிக்கட்டு வீங்கிப் போயி பழைய மாப்பப் பிழிய முடியல, அது பாட்டுக்கு சொட்டிக்கினே வந்துச்சு. ஒருத்தரும் இன்னான்னு கேக்கல, இந்த அண்ணன்தான் அத்தப் பாத்து போட்டோ புடிச்சுப் போட்டு, எனக்குப் புது மாப்பே வாங்கிக் குடுத்தாரு."